அம்மா, நான் உள்ளே வரக்கூடாதாம்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு உல்ம் நகரத்திலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குத் தமிழ்ப் படம் பார்க்கப் போனேன். படம் பார்க்கவில்லை. தியேட்டர் வாசலோடு திரும்பினோம். மொத்தம் 83 யூரோ போயிற்று. ஒரு முழு நாள் போயிற்று. அதையெல்லாம்விட, அன்று அந்த வாசலில் என் பையன் நின்ற நிலைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜெர்மனியில் பிள்ளைகளோடு இருக்கிற நம்மவர் யாராவது, வயதுச் சான்று வாங்காத படத்துக்கு இங்கே பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்ற அந்த ஒரே ஒரு விஷயத்தை முன்பே என் காதில் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்து அப்போது இரண்டரை வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் கோவில்பட்டி. கணவர் வேலை விஷயமாக மூன்று மாதம் புனேவுக்குப் போயிருந்தார், வீட்டில் நானும் பையனும் மட்டும். பிப்ரவரி மாதத்து உல்ம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். டானூப் ஆற்றிலிருந்து கிளம்புகிற பனிமூட்டம் பல நாள் கலையவே கலையாது, ஐந்தரை ஆறு மணிக்கே இருட்டிவிடும். பையன் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் ஜெர்மன், கால்பந்துப் பயிற்சியில் ஜெர்மன், தூக்கத்தில் உளறினால் அதுவும் ஜெர்மன். தமிழ் என்பது அவனுக்கு அம்மாவும் அப்பாவும் ஃபோனில் வருகிற தாத்தாவும் மட்டும் பேசுகிற ஒன்றாக ஆகிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்னிடம் கேட்டான்: “அம்மா, நெறய பேரு ஒரே எடத்துல தமிழ் பேசுவாங்களா?” அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் தமிழில் சிரிப்பதை அவன் காதால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குத் தியேட்டரை விட்டால் எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. தாத்தா வேறு ஃபோனில், “விசில் அடிப்பாங்கடா, நீயும் அடி” என்று சொல்லிவிட்டார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு வாரமாக வீட்டில் பயிற்சி நடந்தது.

இங்கே தமிழ்ப் படம் எப்படி ஓடும் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் தியேட்டர்களில் வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஜெர்மன் குரல் கொடுத்துத்தான் ஓடும். மூல மொழியில் ஓடும் காட்சிக்குப் பக்கத்தில் ஓ.வி. என்று போட்டிருப்பார்கள். ஓ.எம்.யு. என்றால் மூல மொழியோடு ஜெர்மன் சப்டைட்டில். நடுவில் ஒரு ‘இ’ சேர்ந்து ஓ.எம்.இ.யு. என்று இருந்தால் சப்டைட்டில் ஆங்கிலத்தில். தமிழ்ப் படங்கள் அநேகமாக இந்தக் கடைசி வகைதான். நம்மூர் மாதிரி தினமும் நான்கு காட்சி கிடையாது. யாராவது ஒரு விநியோகஸ்தரோ ஏற்பாட்டாளரோ பெரிய நகரங்களில் அந்த வார இறுதிக்கு ஒன்றிரண்டு காட்சி போடுவார்கள். கூட்டம் வந்தால் அடுத்த வாரமும் ஓடும், இல்லாவிட்டால் அதோடு சரி. உல்மில் அந்தப் படம் வரவில்லை. எங்களுக்குப் பக்கம் ஸ்டுட்கார்ட்தான், மண்டல ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

ஏற்பாட்டாளரின் இணையப் பக்கத்தில் டிக்கெட் எடுத்தேன். பெரியவர்களுக்கு 20 யூரோ, ‘கிண்ட்’, அதாவது குழந்தைக்கு, 16 யூரோ, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒன்றரை யூரோ முன்பதிவுக் கட்டணம். ஆக 39. சாதாரணப் படத்தைவிட அதிகம்தான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். படத்தின் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் யுஏ 13 பிளஸ். 2024 கடைசியிலிருந்து நம்மூரில் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்களே, அதில் நடுவில் உள்ளது. யுஏ என்றாலே பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் அர்த்தம். நான் கூடவே இருக்கிறேன், இரண்டு சண்டைக் காட்சியில் கண்ணைப் பொத்திவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அதுவும் குழந்தை டிக்கெட் என்று அவர்களே தனியாக விற்கும்போது குழந்தையை உள்ளே விடமாட்டார்கள் என்று யாருக்குத் தோன்றும்? டிக்கெட் பக்கத்தின் அடியில் ஜெர்மன் மொழியில் பொடி எழுத்தில் நான்கு வரி இருந்தது. என் ஜெர்மன் அப்போது ஏ2, அதாவது தொடக்க நிலைதான். படிக்கவில்லை. வழக்கமான நிபந்தனைகளாக இருக்கும் என்று டிக் அடித்துவிட்டுப் போய்விட்டேன். எனக்கு வேண்டிய எல்லாமே அந்த நான்கு வரிக்குள்தான் இருந்திருக்கிறது.

ரயிலில் எனக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தது. நாடு முழுக்க மண்டல ரயில்களில் போகிற மாதச் சீட்டு அது, அப்போது மாதம் 58 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆறு ஆகிவிட்டால் நம்முடைய டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் பிள்ளையைச் சேர்த்துக் கூட்டிப்போக முடியாது, தனியாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும், அதனால் நான் எடுத்துவிட்டேன். பையனுக்குப் போகவர 23 யூரோ. காட்சி மாலை 7.30க்கு. நாங்கள் நான்கரை மணிக்கே கிளம்பிவிட்டோம். ஸ்டுட்கார்ட் பெரிய ரயில் நிலையத்தில் 2010லிருந்து கட்டுமான வேலை நடக்கிறது, பிளாட்பாரத்திலிருந்து வெளியே வரவே நீளமாகச் சுற்றி நடக்க வேண்டும். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் அதற்கென்று கால் மணி நேரம் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று அவன் அந்த நடையைக்கூடக் குதித்துக்கொண்டே நடந்தான்.

தியேட்டருக்குள் நுழைந்ததும் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. எங்கு திரும்பினாலும் தமிழ். மதுரைப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, கல்லூரிப் பையன்கள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “அம்மா, எல்லாரும் தமிழா?” என்றான். ஆமாம் என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வந்தேன் என்று தோன்றியது. தின்பண்டக் கடை டிக்கெட் பரிசோதிக்கும் இடத்துக்கு முன்னாலேயே இருந்ததால் பாப்கார்னும் ஆரஞ்சுச் சாறும் வாங்கினோம், 14 யூரோ. இங்கே பாப்கார்ன் என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் இனிப்பாகத்தான் கொடுப்பார்கள். உப்புப் போட்டது வேண்டும் என்றால் ‘சால்ட்ஸிக்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளையோடு போனால் உள்ளே விடுவார்கள் என்பது உறுதியான பிறகு எதையும் வாங்குங்கள். நான் வாங்கிய அந்தப் பெரிய பாப்கார்ன் வாளியைக் கடைசியில் ரயில் நிலையத்து பெஞ்சில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

டிக்கெட் பார்த்த இளைஞனுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். என் ஃபோனில் இருந்த இரண்டு டிக்கெட்டையும் ஸ்கேன் செய்தான். அப்புறம் குனிந்து பையனைப் பார்த்து ஏதோ கேட்டான். வயது என்ன என்று கேட்கிறான் என்பது எனக்கே புரிந்தது. பையன் பெருமையாக “அக்ட்” என்றான், எட்டு. அந்த இளைஞன் முகம் மாறியது. நிமிர்ந்து என்னிடம் வேகமாக என்னவோ சொன்னான். எனக்கு ‘லைடர்’, அதாவது ‘துரதிர்ஷ்டவசமாக’, என்ற சொல்லும் ‘பதினெட்டு’ என்ற எண்ணும்தான் பிடிபட்டது. மெதுவாகச் சொல்லச் சொன்னேன், திரும்பச் சொன்னான். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. பதற்றத்தில் தெரிந்த ஜெர்மனும் வாயில் வரவில்லை. ஆங்கிலத்தில், “நான் அவனுடைய அம்மா, கூடத்தான் இருக்கப் போகிறேன்” என்றேன். அவன் தலையை ஆட்டி மறுபடியும் ஜெர்மனில் ஆரம்பித்தான். அப்போது என் பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, நான் உள்ள வரக்கூடாதாம். நீ மட்டும் போலாமாம்.”

எனக்குப் புரியவில்லை என்பதற்காக, தன்னை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதை அவனே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். எட்டு வயதுப் பிள்ளை. சொல்லும்போது அவன் அழவில்லை, பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டும்போது இருக்கிற அதே பொறுப்பான குரலில்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது, உதடு துடிக்க ஆரம்பித்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அந்த இளைஞன் மேல். பிறகு அவமானம். வரிசையில் இருந்த நம்மவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களே என்று. ஒரு தம்பி, “அக்கா, பன்னெண்டுன்னு சொல்லிருக்கலாம்ல” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பன்னிரண்டு என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அங்கிருந்து ஓரமாக ஒதுங்கி நின்றபோது ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இலங்கைத் தமிழ் அம்மா வந்து பேசினார். பல வருடங்களாக இங்கே இருப்பவர் என்பது அவர் ஊழியர்களிடம் சரளமாகப் பேசியதிலேயே தெரிந்தது. எனக்காக மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டும் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு, “தங்கச்சி, அந்தப் பெடியனில பிழை இல்லை. படத்துக்கு எஃப்.எஸ்.கே. எடுக்கேல்லையாம். எடுக்காட்டி இஞ்ச அது பதினெட்டு எண்டுதான் கணக்கு. தாய் நிண்டாலும் ஒண்டும் செய்யேலாது. என்ர பேரப்பிள்ளையளையும் இதாலதான் நான் கூட்டிக்கொண்டு வாறதில்லை” என்றார். பையனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். வேண்டுமானால் தான் அவனோடு வெளியே இருக்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். அந்த மனசை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவனை விட்டுவிட்டு நான் படம் பார்த்து என்ன செய்ய?

அவர் சொன்ன அந்த மூன்றெழுத்தைப் பற்றி அடுத்த வாரம் முழுக்கத் தேடிப் படித்தேன். எஃப்.எஸ்.கே. என்பது 1949லிருந்து இயங்குகிற ஜெர்மன் திரைத்துறையின் வயதுத் தரச் சான்று அமைப்பு, வீஸ்பாடன் நகரத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்து 0, 6, 12, 16, 18 என்று ஐந்து முத்திரைகளில் ஒன்றைத் தருவார்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று அதே வரிசையில் நிறம். நாம் கவனிக்க வேண்டியது, இது நம்மூர்ச் சான்றிதழ் மாதிரி பெற்றோருக்கான ஆலோசனை இல்லை. இளையோர் பாதுகாப்புச் சட்டப்படி தியேட்டர்காரர் கட்டாயம் பார்த்தாக வேண்டிய ஒன்று. மீறினால் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முத்திரையே இல்லாத படம் என்றால், அது பக்திப் படமாக இருந்தாலும் சரி, பெரியவர்களுக்கு மட்டும்தான். இந்தியாவில் யு சான்றிதழ் வாங்கியது இங்கே கணக்கில் வராது. இதைப் படித்தபோதுதான் அந்த இளைஞன் மேல் இருந்த கோபம் எனக்கு முழுசாக இறங்கியது.

வயது முத்திரை விஷயத்தில் பெற்றோர் கூட இருந்தால் கிடைக்கிற சலுகை ஒன்றே ஒன்றுதான். 12 முத்திரை உள்ள படத்துக்கு ஆறு வயது நிரம்பிய பிள்ளையை அம்மாவோ அப்பாவோ கூட்டிப் போகலாம். அவ்வளவுதான். 16 என்று இருந்தால் பதினைந்து வயதுப் பையனை அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாலும் விடமாட்டார்கள். 6 என்று இருந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அனுமதி இல்லை. ஆறு வயது நிரம்பாதவர்கள் 0 முத்திரை உள்ள படத்துக்கு மட்டும், அதுவும் பெரியவர் துணையோடு. நம்மூரில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டாம் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இதை மனதில் ஏற்றிக்கொள்வதே கஷ்டம். கைக்குழந்தையோடு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒருவர் வெளியே நடைபாதையில் குழந்தையோடு நடக்க மற்றவர் உள்ளே பார்த்த குடும்பங்களைப் பற்றி அப்புறம் கேள்விப்பட்டேன்.

தமிழ்ப் படங்கள் ஏன் முத்திரை இல்லாமல் வருகின்றன என்பதையும் விசாரித்தேன். நான் புரிந்துகொண்டவரை காரணம் நேரமும் பணமும். நம் படங்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியாகின்றன, கடைசிப் பிரதி தயாராவதே பல சமயம் வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால்தான். அதை இங்கே அனுப்பி, கட்டணம் கட்டி, முத்திரை வாங்க அவகாசம் இருக்காது. நாலைந்து நகரங்களில் ஒன்றிரண்டு காட்சி ஓட்டுவதற்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் வியாபாரம், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட காட்சிக்குக் குழந்தை டிக்கெட் விற்பது சரியில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அன்று இரவு திரும்பும் ரயிலுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கடுமையான குளிர். ஒரு ப்ரெட்செலும் எனக்கு ஒரு டீயும் வாங்கியதில் இன்னும் 7 யூரோ. டிக்கெட் 39, ரயில் 23, பாப்கார்ன் 14, இது 7. மொத்தம் 83, நம்மூர்க் கணக்கில் அப்போது கிட்டத்தட்ட ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு சம்பளத்தில் நடக்கிற குடும்பம் எங்களுடையது, அது ஒரு வாரத்து மளிகை. ரயிலில் அவன் ஒன்றும் பேசவில்லை. கெய்ஸ்லிங்கன் தாண்டும்போதுதான், “அம்மா, நான் எட்டுன்னு சொன்னது தப்பா?” என்று கேட்டான். உண்மையைச் சொன்னது எப்படிடா தப்பாகும் என்று மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். தப்பு அம்மாவுடையது, அம்மா சரியாகப் படிக்கவில்லை என்று சொன்னேன். அதை அவனிடம் சொல்லிவிட்டதில் எனக்கும் பாரம் குறைந்தது. வீட்டுக்குப் போய்க் கணவருக்கு ஃபோன் பண்ணவில்லை. புனேவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். தனியாக உட்கார்ந்து அழுதேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதி இங்கே உண்டு, அதை நம்பித்தான் நானும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் குறிப்பிட்ட தேதியில் நடக்கிற நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுக்கு அந்த உரிமை கிடையாது. சினிமா, கச்சேரி எல்லாமே அதில் அடங்கும். முதலில் எழுதிய மின்னஞ்சலுக்கு, நிபந்தனையில் 18 வயது என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம் என்ற இரண்டு வரிப் பதில் வந்தது. அதைப் பார்த்ததும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி உதவியோடு ஜெர்மனில் இன்னொரு கடிதம் எழுதினேன். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற காட்சிக்குக் குழந்தை டிக்கெட் என்று ஒன்றை எப்படி விற்றீர்கள் என்ற ஒரே கேள்வி, கூடவே டிக்கெட்டின் படம். ஒன்பது நாள் கழித்துக் குழந்தை டிக்கெட்டின் 16 யூரோ திரும்பி வந்தது. முன்பதிவுக் கட்டணமும் என் டிக்கெட்டும் வரவில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதை எழுத்தில், ஜெர்மனில் கேளுங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். படத்தின் பெயர் தெரிந்ததும் முதலில் தியேட்டரின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போவேன், ஏற்பாட்டாளரின் பக்கத்துக்கு இல்லை. தியேட்டர் பக்கத்தில் படத்துக்குப் பக்கத்திலேயே எஃப்.எஸ்.கே. எண் இருக்கும். எண் இல்லையென்றாலோ, இன்னும் தரப்படவில்லை என்று இருந்தாலோ அதை 18 என்றுதான் எடுத்துக்கொள்வேன். எஃப்.எஸ்.கே.யின் இணையப் பக்கத்திலும் படத்தின் பெயர் போட்டுத் தேடலாம். சந்தேகம் இருந்தால் தியேட்டருக்கே மின்னஞ்சல் போட்டு, இந்தக் காட்சிக்கு இத்தனை வயதுப் பிள்ளை அம்மாவோடு வரலாமா என்று கேட்டு, அவர்கள் பதிலை ஃபோனில் வைத்துக்கொள்வேன். முதல் வாரம் முத்திரை இல்லாமல் இருக்கும் படத்துக்குப் பிறகு கிடைப்பதும் உண்டு, அதனால் பிள்ளையிடம் போகலாம் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் பொறுத்திருப்பேன். பையனுடைய தங்கும் அனுமதி அட்டையை எப்போதும் எடுத்துப் போவேன், அதில் பிறந்த தேதி இருக்கிறது. உயரமான பிள்ளையாக இருந்தாலும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாலும் அட்டையைக் காட்டிவிட்டால் பேச்சே இல்லை. நண்பர்களோடு பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டியிருக்கும், அதைத் தியேட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

தூரத்திலிருந்து போகிறவர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. படத்தின் கோப்பு தியேட்டருக்கு வந்து சேர்ந்தாலும் அது பூட்டித்தான் இருக்கும். திறக்கிற சாவி, கே.டி.எம். என்பார்கள், தனியாக வர வேண்டும். அது அந்த ஒரு தியேட்டர் கருவியில், குறிப்பிட்ட நாளும் நேரமும் மட்டுமே வேலை செய்யும். சென்னையில் தயாரிப்பாளருக்குக் கடைசி நேரப் பணச் சிக்கல் என்றால் சாவி வராது, இங்கே மக்கள் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆக்ஸ்பர்கிலிருந்து மியூனிக் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து, காட்சி ரத்து என்று திரும்பி வந்தார்கள். டிக்கெட் பணம் வந்துவிட்டது, ரயில் பணத்தை யார் தருவார்கள்? சனி அல்லது ஞாயிறு பகல் காட்சி பார்த்து எடுங்கள். இரவுக் காட்சி என்றால் படத்தின் நீளத்தோடு முன்னால் ஓடும் விளம்பரத்துக்கு அரை மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போட்டு, கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். கடைசி ரயிலை நம்பிப் பிள்ளையோடு போகாதீர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில மாதம் அவன் தமிழ்ப் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. உல்மிலேயே 0 முத்திரை போட்ட ஒரு ஜெர்மன் கார்ட்டூன் படத்துக்கு, டிக்கெட் மலிவாக இருக்கிற நாள் பார்த்துக் கூட்டிப் போனேன். எனக்குப் பாதி புரியவில்லை, அவன் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே வந்தான். செப்டம்பரில் ஒரு தமிழ்ப் படம், பச்சை முத்திரையோடு, 12 என்று வந்தது. அதற்குள் கணவரும் வந்துவிட்டார், அவனுக்கும் ஒன்பது ஆகியிருந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக் காட்சி, அதே ஸ்டுட்கார்ட், வேறு தியேட்டர். வாசலில் வயது கேட்பதற்கு முன்பே என் கையிலிருந்த அட்டையை அவன் வாங்கி நீட்டினான். “நொய்ன்” என்றான், ஒன்பது. பரிசோதித்த பெண் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். அவனுடைய தோள் ஒரு நொடி இறுகித் தளர்ந்ததை நான் பார்த்தேன். நடுவில் ‘இடைவேளை’ என்று திரையில் பெரிதாக வந்தது, ஆனால் விளக்கு போடவில்லை, படம் அப்படியே தொடர்ந்து ஓடியது. பிள்ளைகளைப் படம் ஆரம்பிக்கும் முன்னாலேயே கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நடுவில் எழுந்து போனதில் ஒரு பாட்டு எங்களுக்குப் போய்விட்டது. நாயகன் வந்தபோது அரங்கமே அதிர்ந்தது. அவன் எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்தான். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்து இருக்கை அண்ணன் ஒருவர் விரலை எப்படி மடிக்க வேண்டும் என்று இருட்டில் காட்டிக் கொடுத்தார்.

போன வாரம் அடுத்த படத்தின் அறிவிப்பு வந்தது. நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் அவனே தியேட்டர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். பெயரைத் தாண்டி, நடிகரைத் தாண்டி, ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் விரலை வைத்தான். “இன்னும் போடலம்மா. புதன்கிழமை திரும்பப் பாக்கலாம்.”